வன்னியில் வீடும் காணியும் கைமாறிய வரலாறு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் மூத்தோர் வாக்கு. அந்த ஆசை இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பெருகியிருப்பதை நாம் காண்கின்றோம். காணியின் விலையை விசாரிப்போர் பலர். அது எவ்வகைக் காணியென விசாரிப்போர் சிலர். வன்னியிலோ, விலைக்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி இரண்டாவதே. அதன் காரணத்தை அறிய நாம் 1840ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டில் ஆங்கில ஆட்சியாளர் இரு கட்டளைச் சட்டங்களைப் பிறப்பித்தனர். ஒன்று 7ஆம் இலக்கச் சட்டம். நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பமிட்டாலன்றிக் காணி விற்பனை செல்லாது என்றது அது. அவ்வாறு எழுதப்படும் பத்திரத்தையே நம்மவர் 'உறுதி' என்றனர். மற்றையது 12ஆம் இலக்கச் சட்டம். காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது அது. பரப்புப் பரப்பாக வேலியடைத்து வாழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டை இச்சட்டம் பெரிதும் தீண்டவில்லை. ஆனால் 1803இல் பண்டாரவன்னியன் தோல்வியுற்றபின் ஆங்கிலேயர் வசமாகிய வன்னியோ, உடைந்த குளங்களும் அடர்ந்த காடுமாய்க் கிடந்தது. ஆதலின் இங்கே பெரும்பகுதி நிலம் அரசின் கணக்கிற் சேர்ந்தது.

பழைய ஊர்களில் எஞ்சிய உறுதிக் காணிகளுக்குத் தேசவழமையே வழிகாட்டியது. ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டு, 1806இல் ஆங்கிலேயரால் ஏற்கப்பட்ட சட்டம் இது. இதன்படி மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகும். காணியை விற்க விரும்புவோர், பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். இந்த முன்வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமும் வலியுறுத்திற்று. வீடு என்பது சந்தைச் சரக்கு மட்டுமன்று, குடும்பத்தின் பொறுப்பு என்பதே இதன் கருத்து எனலாம்.

இரணைமடுக்குளம் கட்டப்பட்டபின் வன்னியின் முகம் மாறத் தொடங்கியது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், நிலமற்ற குடியானவர்க்கு அரச காணியைப் பகிர்ந்தளிக்க வழிசெய்தது. 1936இற் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று; உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் முதலிய ஊர்கள் அவ்வழியே பெருகின. அங்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது உறுதியன்று, அனுமதிப்பத்திரம். நிபந்தனைகளை நிறைவேற்றினோர்க்குப் பின்னர் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். சுவர்ணபூமி, ஜயபூமி என்பன அவ்வாறு வழங்கப்பட்டவையே. இரண்டில் எது கையிலிருப்பினும், அதிகாரியின் எழுத்து மூலமான முன்சம்மதமின்றி அக்காணியை விற்கவியலாது. விற்றால் அவ்விற்பனை வெறுமையானது.

இது கொடுமையான சட்டமா? அன்று என்று நாம் துணிந்து கூறுவோம். வட்டிக்குக் கொடுப்போனிடம் குடியானவன் தன் வயலை இழந்து கூலியாளாகக் கூடாதென்பதே அதன் நோக்கம். அந்த வேலி இல்லாதிருப்பின், இரண்டொரு மழை பொய்த்த ஆண்டுகளிலேயே பல குடும்பங்கள் காணியிழந்திருக்கும்.

ஆயினும் வாழ்க்கை சட்டத்திற்காகக் காத்திருப்பதில்லை. மகளின் கலியாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், வைத்தியச் செலவு என்று தேவை வந்தபோது, அனுமதிப்பத்திரக் காணிகளும் கைமாறலாயின. சிலர் வெள்ளைக் கடதாசியில் உடன்படிக்கை எழுதினர். சிலர் அற்றோணித் தத்துவம் கொடுத்தனர். கொடுத்தவர் இறந்தால் அத்தத்துவமும் இறந்துபோம் என்பதை வாங்கியவர் எண்ணவில்லை. பத்திரத்திற் பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளர் ஒருநாள் வந்து கேட்டால், அவர் கட்டிய கல்வீடும் வழக்கிற்குள்ளாகும். பத்தாண்டு ஆண்டால் உரிமை வந்துவிடும் என்று கூறுவோரும் உளர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் தனியார் காணிக்கே அவ்வாறு கூறுகிறது. அரசுக்கு எதிராக அது செல்லாது.

இந்நிலையிற் போர் வந்தது. 1995இற் குடாநாட்டிலிருந்து பெருந்தொகையான மக்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்களே ஊர் ஊராக ஓடினர். உயிரைக் காக்க ஓடியவர்களிற் பலர் பத்திரங்களைக் காக்கவியலவில்லை. செட்டிகுளத்து மனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. மீண்டு வந்தோருக்கு இந்திய அரசின் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா உதவி கிடைத்தது. ஆனால் வீடு கட்டுவதற்குக் காணி யாருடையது என்று காட்டவேண்டியிருந்தது. எரிந்துபோன ஒரு தாளின் பெறுமதியைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

பிற்காலச் சட்டங்கள் இரண்டு ஓரளவு ஆறுதல் தந்தன. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், இடம்பெயர்ந்தோரின் காணியை 1983 முதல் 2009 வரை வேறொருவர் ஆண்ட காலத்தை அவருக்கு உரிமையாகக் கணக்கிடாதிருக்க வழிசெய்தது. ஆனால் வழக்கிடுவதற்கு இரண்டாண்டே தவணை கொடுத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னுரித்து வரிசையில் ஆண்மக்களே முன்னின்றனர். சீதன வழக்குள்ள நம்மிடையே இது பெரும் முரண்பாடு. 2022இல் வந்த திருத்தம் அப்பாகுபாட்டை நீக்கியது.

இனி யாது செய்யவேண்டும்? கட்டுப்பாடுகளை எல்லாம் எடுத்துவிடுக என்று நாம் கேட்கவில்லை. அவ்வாறு செய்தால், பணமுள்ளோர் வாங்குவர், உழுவோர் வெளியேறுவர். ஆனால் தலைமுறையாகக் குடியிருந்தும் பத்திரமற்றோர்க்குப் பத்திரம் தாமதமின்றிக் கிடைத்தல்வேண்டும். அரசின் கடமை அது.

இளைஞராகிய நமக்கும் கடமையுண்டு. நம் வீட்டுப் பெட்டியிலிருக்கும் பத்திரத்தை ஒருமுறையேனும் எடுத்துப் படிப்போம். பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பெற்றோருடன் பிரதேச செயலகத்திற்குச் சென்று விசாரிப்போம். அயலார் ஒருவர் காணி வாங்கப் புறப்பட்டால், முற்பணம் கொடுக்குமுன் காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்க்கச் சொல்வோம். எழுத வாசிக்கத் தெரியாத முதியோர்க்கு நாமே பார்த்துச் சொல்வோம். கற்ற கல்வியால் ஊருக்கு ஆகும் தொண்டுகளில் இதுவும் ஒன்று.

வளை தனியாக இருந்தாற் போதாது. அதற்கு உறுதியும் வேண்டும்.