எபிசோட்: செகண்ட் ஹேண்ட் காரும் மாட்டுப் பல்லும் – பாண்டிச்சேரிக்கு வந்த ரெண்டு சட்டங்கள்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

தேங்காய்த்திட்டுல இருந்து பேசுறேன். பின்னணியில மீன்பிடித் துறைமுகத்துப் போட் சத்தம் கொஞ்சம் கேட்கும், எடிட் பண்ணியும் முழுசா போகல, பொறுத்துக்கோங்க.

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி. 38,000 கிலோமீட்டர்தான். ஆக்ஸிடென்ட் ஹிஸ்டரி கிடையாது, ஃபுல்லா கம்பெனி சர்வீஸ்." பழைய கார் வாங்கப் போன எல்லாரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. எல்லா வண்டியையும் எப்படி ஒரு டாக்டரே ஓட்டியிருக்காருன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். சரி, வாங்கிட்டீங்க. மூணு மாசம் கழிச்சு மெக்கானிக் அண்ணன் அடியில குனிஞ்சு பார்த்துட்டு, "தம்பி, இது முன்னாடி நல்லா முட்டுன வண்டி, மீட்டரையும் திருப்பியிருக்காங்க"ன்னு சொல்றார். இப்போ நஷ்டம் யாருக்கு? பார்க்காம வாங்கினவருக்கா, சொல்லாம வித்தவருக்கா?

இந்தக் கேள்விக்கு 2,000 வருஷமா ரெண்டு பதில் இருக்கு. ரெண்டும் வேற வேற கப்பல்ல ஏறி இந்தியாவுக்கு வந்துச்சு. அதுல ஒண்ணு நம்ம பாண்டிச்சேரில இறங்குச்சு.

முதல் பதில் ரோம்ல ஆரம்பிக்குது. அங்க சந்தையை மேற்பார்வை பார்க்க ஈடைல்னு அதிகாரிகள் இருந்தாங்க. சந்தையில அடிமைகளையும் வித்தாங்க, மாடு குதிரையும் வித்தாங்க. சொல்லவே கூசுற விஷயம், ஆனா நுகர்வோர் உரிமையோட ஆதி ஆவணம் ஒரு அடிமைச் சந்தை விதிதான். விக்கிறவர் நோயையும் குறையையும் முன்னாடியே அறிவிக்கணும். மறைச்சு வித்தா வாங்கினவர் ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம், இல்லேன்னா ஒரு வருஷத்துக்குள்ள விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். "எனக்கே தெரியாது"ன்னு விக்கிறவர் தப்பிக்க முடியாது.

நம்ம ஊர் மாட்டுச் சந்தையை நினைச்சுப் பாருங்க. துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. சுழி பார்ப்பாங்க, வாயைத் திறந்து பல்லை எண்ணி வயசு கண்டுபிடிப்பாங்க. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னு பழமொழி. அப்போ காசு கொடுத்து வாங்குற மாட்டோட பல்லைப் பார்க்க வேண்டியது யார் வேலை? வாங்குறவர் வேலைன்னு நாம சாதாரணமா எடுத்துக்கிறோம். இங்கிலாந்தும் அப்படித்தான் எடுத்துக்கிச்சு. அதுதான் ரெண்டாவது பதில்.

1603-ல லண்டன்ல ஒரு வழக்கு. பொற்கொல்லர் ஒருத்தர் ஒரு கல்லை "பெசோவர்"னு சொல்லி வித்தார். மிருகத்தோட வயித்துல உருவாகுற, விஷத்தை முறிக்கும்னு அப்போ நம்பப்பட்ட கல் அது. வாங்கினவர் பின்னாடி அது பெசோவரே இல்லைன்னு வழக்கு போட்டார். நீதிமன்றம் சொன்னது: பெசோவர்னு சொன்னார் சரி, உத்தரவாதம் கொடுத்தாரா? இல்லையே. தள்ளுபடி. "வாங்குறவரே ஜாக்கிரதை"ங்கிற கொள்கையைப் பத்திப் பேசுற எல்லாரும் இந்தக் கல்லுக்குத்தான் திரும்பி வருவாங்க.

இப்போ கப்பல். நெப்போலியன் காலத்துல, 1804-ல, பிரெஞ்சு சிவில் கோடு வந்துச்சு. அதோட 1641-வது பிரிவு ரோம் சந்தை விதியோட நேரடி வாரிசு. பிரெஞ்சுல 'விஸ் காஷே', அதாவது மறைகுறை. வாங்கினவருக்குத் தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்கவே மாட்டார், இல்ல கம்மி விலைதான் கொடுத்திருப்பார்ங்கிற அளவுக்கு ஒரு குறை பொருளுக்குள்ள ஒளிஞ்சிருந்தா, விற்றவர் பொறுப்பு. 1643: வித்தவருக்கே தெரியாம இருந்தாலும் பொறுப்பு, முன்கூட்டியே வேற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தா தவிர. 1644: பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், இல்ல வச்சுக்கிட்டு விலையில ஒரு பங்கைத் திரும்ப வாங்கலாம், தேர்வு வாங்கினவரோடது. 1645: தெரிஞ்சே மறைச்சிருந்தா நஷ்ட ஈடும் சேரும். கண்ணுக்குத் தெரியுற குறைக்கு மட்டும் பாதுகாப்பு இல்ல. கதவு நசுங்கியிருக்குன்னு பார்த்துட்டு வாங்கினா அது உங்க பாடு.

பின்னாடி, 20-ஆம் நூற்றாண்டுல, பிரெஞ்சு நீதிமன்றங்கள் இன்னொரு படி மேல போனாங்க. தொழிலா விக்கிறவருக்குத் தன் சரக்கோட குறை தெரியும்னே வச்சுக்கணும்னாங்க. கார் டீலர் "சத்தியமா எனக்குத் தெரியாது சார்"னு சொன்னா அங்க எடுபடாது.

இந்தக் கோடு 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஆணை மூலமா பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாமுக்கு வந்துச்சு. கல்யாணம், வாரிசு மாதிரி விஷயங்கள்ல இந்தியர்களுக்கு அவங்கவங்க வழக்கமே தொடரும்னு அந்த ஆணை விட்டுக்கொடுத்துச்சு. 1881-ல அந்த வழக்கத்தையும் துறந்து முழுசா பிரெஞ்சு சட்டத்துக்குள்ள போனவங்கதான் 'ரெனோன்சான்'. அதுக்குத் தலைமை தாங்கின பொன்னுத்தம்பிப் பிள்ளை கதை தனி எபிசோடுக்கு உரியது. நீதிமன்றத்துக்குள்ள ஷூ போட்டுட்டுப் போனதுக்காக 1873-ல பிரச்சினைக்குள்ளான வக்கீல் அவர்.

அந்தப் பக்கம் கோரிமேடு தாண்டினா பிரிட்டிஷ் இந்தியா. அங்க 1872 ஒப்பந்தச் சட்டம், அப்புறம் 1930 சரக்கு விற்பனைச் சட்டம். அந்த 1930 சட்டத்தோட 16-வது பிரிவு ஆரம்பமே இப்படித்தான்: பொருளோட தரத்துக்கோ தகுதிக்கோ எந்த மறைமுக உத்தரவாதமும் கிடையாது, கீழ்க்கண்ட விதிவிலக்குகள் தவிர. கோடிங் பண்றவங்களுக்கு உடனே புரியும். பிரெஞ்சு சட்டத்துல டீஃபால்ட் 'ஆன்'. இங்கிலீஷ் வழிச் சட்டத்துல டீஃபால்ட் 'ஆஃப்'. ரெண்டுலயும் மாத்திக்கலாம், ஆனா மாத்த வேண்டிய சுமை யார் தலையில விழுதுங்கிறதுதான் வித்தியாசம்.

1954 நவம்பர் 1-ல ஆட்சி கைமாறுச்சு. 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படியும் இணைப்பு முடிஞ்சுது. அடுத்து சட்ட மைக்ரேஷன். 1963-ல ஒரு ஒழுங்குமுறை, 1968-ல பாண்டிச்சேரி (சட்டங்கள் நீட்டிப்பு) சட்டம்னு இந்தியச் சட்டங்கள் வரிசையா இங்க வந்துச்சு. ரெனோன்சான் குடும்பங்களோட தனிச்சட்டம் தப்பிச்சுது, அதைப் பத்தி நூல்களும் ஆய்வுகளும் நிறைய இருக்கு. விற்பனைச் சட்டத்துல 'விஸ் காஷே' போனதைப் பத்தி யாரும் பெருசா அழுததாத் தெரியல. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். நியாயமாப் பார்த்தா அப்போ பாண்டில கார் எத்தனை ஓடியிருக்கும்?

ஆனா இங்கிலீஷ் சட்டத்தை வில்லனாக்கவும் முடியாது. அந்த விதிவிலக்குகள்தான் சுவாரஸ்யம். 15-வது பிரிவு: ஒரு பொருளை வர்ணனையை நம்பி வித்தா, பொருள் அந்த வர்ணனைப்படி இருந்தாகணும். 16(2): அந்த மாதிரிப் பொருளை வியாபாரமாப் பண்றவர்கிட்ட வர்ணனையை நம்பி வாங்கினா, விக்கத் தகுந்த தரத்துல இருக்கணும். இதே வாசகங்கள் இங்கிலாந்தோட 1893 சட்டத்துல இருந்து வந்தவை. அதை வளர்த்தெடுத்ததே பழைய கார்கள்தான்.

மூணு கேஸ் சொல்றேன். 1957: வில்லியம்ஸ்னு ஒரு தனிநபர் தன்னோட மோரிஸ் காரை ஒரு டீலர்கிட்ட 1948 மாடல்னு கொடுத்தார். பதிவுப் புத்தகத்துல அப்படித்தான் இருந்துச்சு. உண்மையில அது 1939 மாடல், யாரோ முன்னாடியே புத்தகத்தைத் திருத்தியிருந்தாங்க. டீலர் வழக்கு போட்டுத் தோத்தார். தனிநபர் நல்லெண்ணத்தோட சொன்னார், கண்டுபிடிக்கிற வசதி டீலர்கிட்டதான் இருந்துச்சுன்னாங்க. 1965: அப்படியே உல்ட்டா. ஒரு டீலர், பென்ட்லி காரை இன்ஜின் மாத்தினதுக்கு அப்புறம் 20,000 மைல்தான் ஓடிச்சுன்னு வித்தார். ஓடினது கிட்டத்தட்ட 1,00,000 மைல். டீலர் பொறுப்புன்னு தீர்ப்பு. ரெண்டு வழக்குலயும் டென்னிங் பிரபு இருந்தார். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு: யாருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்?

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. 1967. ட்ரையம்ஃப் ஹெரால்டு, வெள்ளை, 1961 மாடல்னு விளம்பரம். வாங்குறவர் நேர்ல போய்ப் பார்த்தார், பின்னாடி 1200-னு எழுத்தும் இருந்துச்சு, வாங்கிட்டார். வண்டி ஒரு பக்கமாவே இழுக்குதேன்னு மெக்கானிக்கிட்ட காட்டினா, அது ஒரு கார் இல்ல, ரெண்டு கார்! பின்பாதி 1961 மாடல். முன்பாதி அதுக்கு முந்தின மாடல். நடுவுல வெல்டிங். வித்தவருக்கே தெரியாது. "நேர்ல பார்த்துதானே வாங்கினீங்க"ங்கிற வாதம் மேல்முறையீட்டுல நிக்கல. பார்த்தாலும், 1961-ங்கிற வர்ணனையை நம்பித்தான் வாங்கினார். வித்தவர் தனிநபரா இருந்தும் வாங்கினவர் ஜெயிச்சார்.

அதே 1967-ல ஒரு இளம் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு ஒரு வருஷம் வந்திருந்தார். ஜார்ஜ் அக்கர்லாஃப். 1970-ல வெளிவந்த அவரோட 'லெமன்' கட்டுரை பழைய கார் சந்தையைப் பத்தினது. டப்பா வண்டிக்கு அமெரிக்கப் பேச்சுவழக்குல எலுமிச்சைன்னு பேர். நல்ல வண்டி எது, டப்பா எதுன்னு வாங்குறவருக்குத் தெரியாதப்போ, எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வச்சிருக்கிறவர் அந்த விலைக்குக் கொடுக்க மாட்டார், சந்தையை விட்டு விலகுவார். மிச்சம் டப்பாதான். இந்தக் கட்டுரைக்குள்ள நம்ம ஊர் அரிசியில அதே நிறத்துல கல்லைக் கலந்து விக்கிறதும் உதாரணமா வருது. மூணு இதழ்கள் திருப்பி அனுப்பின அந்தக் கட்டுரைக்காக 2001-ல அவருக்கு நோபல். மறைகுறைச் சட்டம் வாங்குறவருக்கு மட்டும் நல்லதில்ல, நேர்மையா விக்கிற டீலருக்கும் அதுதான் பாதுகாப்புங்கிறதை இதைவிடத் தெளிவா யாரும் காட்டினதில்ல.

சரி, சட்டம் புத்தகத்துல இருந்தா போதுமா? 1970-கள்ல பாண்டில ஏமாந்த ஒருத்தர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும். கோர்ட் ஃபீஸ், வக்கீல், வாய்தா. வண்டி துருப்பிடிச்சு மண்ணாகும். அதை மாத்தினது 1986 டிசம்பர் 24-ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இதுல ஒரு குட்டி வரலாறு இருக்கு. பழசை, மறுபடி கட்டினதை, ரீகண்டிஷன் பண்ணினதைப் புதுசுன்னு விக்கிறது நியாயமற்ற வணிக நடைமுறைங்கிற வாசகம் முதல்ல 1984-ல ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்குள்ள நுழைஞ்சது. 1993-ல நுகர்வோர் சட்டத்துக்கே குடிவந்துச்சு. 2019 சட்டத்துலயும் அப்படியே இருக்கு.

அந்த வாசகத்துக்கு உயிர் கொடுத்த வழக்கு நம்மளை மாதிரியே இன்னொரு முன்னாள் காலனியில இருந்து வந்துச்சு. கோவால 2011-ல ஒருத்தர் புது டாடா கார் வாங்க டீலர்கிட்ட பணம் கட்டினார். கைக்கு வந்தது 2009-ல செஞ்ச வண்டி. ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு, அடிப்பகுதியில துரு. மாவட்ட மன்றத்துல இருந்து தேசிய ஆணையம் வரைக்கும் வாங்கினவர் பக்கம்தான். டீலரும் பொறுப்பு, டாடா மோட்டார்ஸும் பொறுப்புன்னாங்க. 2021 பிப்ரவரி 18-ல உச்ச நீதிமன்றம் டாடாவை விடுவிச்சது. கம்பெனிக்கும் டீலருக்கும் நடுவுல இருக்கிறது தனித்தனி முதலாளிகளுக்கு இடையிலான உறவு, இந்த விற்பனை பத்திக் கம்பெனிக்குத் தெரியும்னு நிரூபிக்கப்படலன்னு காரணம். டீலர் மேல இருந்த பொறுப்பை அந்தத் தீர்ப்பு தொடல. சட்டமா சரியாத்தான் இருக்கு. ஆனா பெரிய போர்டைப் பார்த்து நம்பிப் போற சாமானியருக்கு அந்த 'தனித்தனி முதலாளி' சமாச்சாரம் ஷோரூம் வாசல்ல எங்க எழுதியிருக்கு?

டீலர் யார்ங்கிறதே நம்ம நாட்டுல ரொம்ப நாள் தெளிவில்லாம இருந்த விஷயம். நீங்க வண்டியை யார்டுல விட்டுட்டு வருவீங்க. ஆர்.சி. உங்க பேர்லயே கிடக்கும். டீலர் பேர் எந்தப் பேப்பர்லயும் இருக்காது. நடுவுல விபத்து நடந்தா, பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. 2022 டிசம்பர்ல மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினாங்க, 2023 ஏப்ரல் 1-ல இருந்து அமல். பழைய வண்டி டீலர் ஆர்.டி.ஓ.கிட்ட அஞ்சு வருஷ அங்கீகாரம் வாங்கணும். வண்டி கைக்கு வந்ததை ஆன்லைன்ல தெரிவிக்கணும். அப்போ இருந்து அவரே உரிமையாளரா கருதப்படுவார். யார்டுல இருக்கிற வண்டியை எதுக்கு, எவ்ளோ தூரம் எடுத்தாங்கன்னு மின்னணுப் பதிவேடு வைக்கணும். அதனால யார்டுக்குப் போனா முதல்ல அந்த அங்கீகாரச் சான்றிதழைக் கேளுங்க. காட்டத் தயங்கினா வெளிய டீக்கடை இருக்கு.

நம்ம ஊருக்குன்னு ஒரு தனிக் குறிப்பு. PY நம்பர் பிளேட்டுன்னா வரி கம்மின்னு ஊருக்கே தெரியும். அதுக்காகவே இங்க போலி முகவரியில வெளிமாநில ஆளுங்க சொகுசு கார்களைப் பதிவு பண்ணினது 2017-ல கேரளால பெரிய செய்தியாச்சு. அந்த மாதிரி வண்டி ரெண்டாம் கைக்கு வரும்போது "பாண்டி வண்டி, பேப்பர் எல்லாம் கிளீன்"னுதான் வரும். பிளேட்டை... மன்னிக்கணும், எழுத்துல 'பி.ஒய். 01'னு படிச்சுக்கோங்க. முகவரியில அந்த ஓனர் நிஜமாவே இருந்தாரான்னும் பாருங்க. சென்னைல 12 மாசத்துக்கு மேல வச்சு ஓட்டப் போறீங்கன்னா மறுபதிவு பண்ணணும், தமிழ்நாட்டு வரியும் வரும். அந்தச் செலவையும் கணக்குல வச்சு விலை பேசுங்க.

கடைசியா, நிறைய பேர் கேட்கிற கேள்வி: எங்க போறது? 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊரு மாவட்ட ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம், டீலர் கோயம்புத்தூர்ல இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். பிரச்சினை எழுந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். அதுக்கு முன்னாடி 1915-க்கு ஒரு கால். வாட்ஸ்அப்ல அவர் அனுப்பின "ஆக்ஸிடென்ட் இல்ல, 38,000 கி.மீ."ங்கிற மெசேஜை அழிச்சிடாதீங்க, சட்டம் சொல்ற 'வர்ணனை' அதுதான். பழைய சர்வீஸ் பில், இன்ஷூரன்ஸ் க்ளைம் விவரத்துல இருக்கிற கிலோமீட்டரோட ஒப்பிட்டா மீட்டர் கதை வெளிய வந்துடும்.

பக்கத்து வீட்டு மாமாகிட்ட நேரடியா வாங்கினா? அவர் வியாபாரி இல்ல, அதனால நுகர்வோர் ஆணையத்துல வேலைக்கு ஆகாது. சிவில் கோர்ட்தான், 1930 சட்டம்தான். அங்க அந்த ரெண்டு பாதி ஹெரால்டு வழக்கை உங்க வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க.