சிறைவாசியும் காவியப் புலவரும்

பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளரைக் குறித்துப் பேசுவோர் மில்டனையே முதலில் நினைவுகூர்வர். ஆயினும் தமிழ்த் திருச்சபையின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியவர், பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்த ஜான் பன்யனே (1628–1688).

இங்கிலாந்தில் 1660ஆம் ஆண்டு முடியாட்சி மீண்டது. அரசு ஏற்ற திருச்சபைக்குப் புறம்பே கூட்டம் கூட்டிப் பிரசங்கித்தமைக்காக அவ்வாண்டிலேயே பன்யன் பெட்ஃபோர்டு சிறையில் அடைக்கப்பட்டார். இனிப் பிரசங்கியேன் என்று வாக்களித்திருந்தால் விடுதலை பெற்றிருப்பார். அவர் வாக்களிக்கவில்லை, பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலே கழிந்தன. திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தையும் அவர் ஏற்க மறுத்தவர். தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்கும் அவரது நூலின் முதற்பாகம் 1678இலும், இரண்டாம் பாகம் 1684இலும் வெளிவந்தன.

அந்நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளையோ (1827–1900), 1858இல் மயிலாப்பூரில் ஆங்கிலிக்கன் திருச்சபையிலேயே திருமுழுக்குப் பெற்றவர். எந்தச் சபையின் பெயரால் பன்யன் சிறைப்பட்டாரோ அந்தச் சபையின் மகனே அவரைத் தமிழ்க் காவியத்தில் ஏற்றினார்! சபை வரலாறு எழுதுவோர் இதனைப் போதிய அளவு கவனித்ததாக நமக்குத் தோன்றவில்லை.

கிருஷ்ணபிள்ளை செய்தது மொழிபெயர்ப்பன்று. பன்யனின் யாத்திரிகன் சிலுவையண்டை வந்தவுடன் அவன் முதுகுச் சுமை கழன்று விழுகிறது. ஆசிரியர் சில வரிகளில் அதனைக் கூறிக் கடந்துவிடுகிறார். தமிழ்ப் புலவர் அவ்விடத்தைக் கடக்க இயலாதவராய், கிறிஸ்துவின் பாடுகளையே விரிவாகப் பாடுகிறார். இதற்குக் காரணம் அவர் பிறந்த சூழலில் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் தோன்றிய இராமாநுசரின் வைணவ நெறியிலும் கம்பனின் கவியிலும் ஊறியது அவர் குடும்பம். தன்னால் ஆகாது எனத் துணிந்து இறைவன் திருவடியில் அடைக்கலம் புகும் சரணாகதி அவருக்குப் புதுச் சொல்லன்று. அருளின் உபதேசத்தை அவர் மிஷனரிகளிடம் மட்டுமே கற்றார் எனல் பொருந்தாது என்பதே நம் கருத்து.

எனினும் இழப்பும் உண்டு. பன்யனுடைய நடை சந்தையிலும் தெருவிலும் வழங்கிய பேச்சு. வாயாடிகளையும் இருமனத்தாரையும் அவர் நகைத்துக் காட்டும் பாங்கு விருத்தப்பாவின் பெருமித ஓசைக்குள் அமையவில்லை. கற்றவர்க்கே உரிய நூலாகக் காவியம் நின்றுவிட்டது. ஆனால் அதனிடையே புலவர் பதித்த தேவாரங்களின் கதை வேறு. காவியத்தின் பெயரையும் அறியாத நம் கிராமச் சபையார், அவற்றுட் சிலவற்றை இன்றும் ஆராதனையில் மனப்பாடமாகப் பாடுகின்றனர்.