அங்கியும் துண்டும்

பண்டிகைக் காலத் துணிக்கடை விளம்பரங்களில் இப்போது சாட்டின் கஃப்தானுக்கும் இடம் உண்டு. தோளிலிருந்து கணுக்கால்வரை தளர்வாக விழும் அங்கி. கழுத்தைச் சுற்றிக் கல், சம்கி, ஜரிகை. அதை உடுத்தி விசேஷத்துக்கு வரும் பெண்ணிடம் யாராவது ஒருவர், “என்னம்மா, நைட்டி மாதிரி இருக்கே” என்று சொல்லாமல் இருப்பதில்லை. இந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பதால், அதைச் சிரித்துக் கடக்க எனக்கு மனமில்லை.

ஒட்டோமான் பேரரசில் கஃப்தான் அதிகாரத்தின் உடை. பட்டிலும் சாட்டினிலும், பொன்னிழையும் வெள்ளியிழையும் சேர்ந்த நெசவிலும் சுல்தான்களுக்குக் கஃப்தான்கள் தைக்கப்பட்டன. சுல்தான் இறந்ததும் அவருடைய உடைகளை மூட்டையாகக் கட்டி, பெயர் எழுதி அரண்மனையில் பத்திரப்படுத்தினார்கள். இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அரண்மனைப் பெண்களும் இதே போன்ற அங்கிகளை அணிந்தவர்கள்தான். ஆனால் அவர்களுடைய உடைகள் மிகக் குறைவாகவே எஞ்சின.

சுல்தான் தூதர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கஃப்தானைப் பரிசளிப்பார். கில்அத் எனப்பட்ட இந்த மரியாதை உடை முகலாய அவையிலும் வழக்கத்தில் இருந்தது. கொடுப்பவர் மேலே, வாங்கிக்கொள்பவர் கீழே என்பதே அதன் பொருள். 1666இல் ஆக்ராவில், தன் தகுதிக்குக் குறைந்த வரிசையில் நிறுத்தப்பட்ட சிவாஜி, ஔரங்கசீப் அளித்த கில்அத்தை ஏற்க மறுத்தது அதனால்தான். உடம்பைப் பிடிக்காத, தரைவரை தொங்கும் அந்த அங்கியில் ஆண்களின் கௌரவம் இருந்தது. அதைத் தளர்வு என்றோ சோம்பல் என்றோ அந்த அவையில் யாரும் சொல்லவில்லை.

மொராக்கோவில் கஃப்தான் பெண்களின் திருமண உடையாக, விழா உடையாகத் தொடர்ந்தது. 1960களில் மேற்கத்திய நாகரிக உலகம் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் 1966இல் மராகெஷ் சென்ற பிறகு மொராக்கோ உடைகளின் சாயலைத் தன் படைப்புகளுக்குள் கொண்டுவந்தார். பணக்காரப் பெண்களின் ஓய்வுநேர உடை என்ற பெயர் கஃப்தானுக்குக் கிடைத்தது.

நம் வீடுகளில் அதே தளர்வுக்குப் பெயர் நைட்டி. இரவில் உடுத்தத் தொடங்கியது, பகல் முழுக்க வேலை செய்யும் பெண்ணின் உடையாயிற்று. என் அம்மாவின் தலைமுறைப் பெண்கள் அதில்தான் சமைத்தார்கள், துவைத்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். வாசலில் காய்கறி வண்டி நின்றால் மட்டும் தோளில் ஒரு துண்டு ஏறும். பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்வதற்கான துண்டு அது.

அந்தத் துண்டும் போதாது என்று நினைத்த ஊர் உண்டு. 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளியில், காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை பெண்கள் நைட்டி உடுத்தக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் தடை போட்டார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம். காட்டிக் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு.

நைட்டி கழுத்திலிருந்து கணுக்கால்வரை மறைக்கும் உடை. இடுப்பு தெரியும் சேலைக்கு அங்கே தடை இல்லை. திருவிதாங்கூரிலோ, மார்பை மறைத்ததற்காகவே நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். 1859இல் மறைத்துக்கொள்ளும் உரிமை வந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, எவ்வளவு மறைக்கிறோம் என்பது ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யாரைக் கேட்டு உடுத்தினாய் என்பதே கேள்வி.

பண்டிகை கஃப்தானை நான் வரவேற்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்காமல் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடலாம். விசேஷ நாளில் பெண்ணின் உடம்புக்கு இவ்வளவு சௌகரியம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் ஜரிகையும் விலைச்சீட்டும் இருந்தால் நாகரிகம், குழாயடியில் பருத்தியில் உடுத்தினால் அசிங்கம் என்றால், அந்தச் சௌகரியம் காசுள்ளவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கில்அத் மட்டுமே.

அந்தக் கற்களைத் தைப்பவர்களையும் நினைக்கிறேன். லக்னோவிலும் பரேலியிலும் ஜர்தோசி வேலை செய்யும் பெண்களில் பலர், இடைத்தரகர் கொண்டுவரும் துணியில் வீட்டிலிருந்தபடியே உருப்படிக் கணக்கில் கூலிக்குத் தைக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் ஆரி வேலை கற்ற எத்தனையோ பெண்கள், சமையலுக்கும் பிள்ளைகளின் பள்ளி நேரத்துக்கும் நடுவே சட்டத்தின் முன் குனிந்திருக்கிறார்கள். பெரும்பாலும் நைட்டியில்தான். நூல் தீர்ந்தால் அவர்கள் துண்டைத் தேடாமல் அப்படியே எழுந்து கடைக்குப் போய்வர முடிய வேண்டும்.