பிளாட்டினத்தை ஜெயித்த பித்தளைத் தகடு

வெள்ளிக் கொலுசு கறுத்துப்போறதைப் பார்த்திருப்பீங்க. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து உருவாகிற சில்வர் சல்ஃபைடுதான் அந்தக் கறுப்பு. நாம அதை அழுக்குன்னு தேய்ச்சு எடுத்துடுவோம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள், ஒரு வகை சோலார் செல்லுக்குள்ளே பிளாட்டினத்தை ஓரங்கட்டிய கதைதான் இன்றைய எபிசோடு.

நான் எஞ்சினியரிங் படிச்சவன், ஆனா வேலை பார்க்கிறது சாஃப்ட்வேரில். அதனால எனக்குப் புரிஞ்ச மாதிரியே சொல்றேன். குவாண்டம் டாட் சோலார் செல்லில் வெளிச்சத்தைப் பிடிப்பது சில நானோமீட்டர் அளவுள்ள துகள்கள். வெளிச்சம் பட்டதும் எலெக்ட்ரான் கிளம்பி, வயர் வழியாக வேலையைச் செய்துவிட்டு, எதிர்ப்பக்கம் இருக்கும் கவுண்டர் எலெக்ட்ரோடுக்கு வரும். அங்கிருந்து அதை வாங்கி, துகளிடம் திருப்பிச் சேர்ப்பது நடுவில் இருக்கும் திரவம். டோல்கேட்டில் ஒரே ஒரு கவுண்டர் மட்டும் திறந்திருந்தால் என்ன ஆகும்? கார் எவ்வளவு வேகமானதா இருந்தாலும் வரிசையில்தான் நிக்கணும். கவுண்டர் எலெக்ட்ரோடு மந்தமாக இருந்தாலும் அதே கதிதான்.

இப்போ 1973-க்குப் போகலாம். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, உலகம் முழுக்க பெட்ரோல் பயம். மாற்று எரிசக்தி தேடியவர்களில் இஸ்ரேலின் ரெஹோவோட் நகரில் உள்ள வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தின் கேரி ஹோட்ஸ், யோஸ்ட் மனாசன், டேவிட் காஹென் ஆகியோரும் உண்டு. காட்மியம் செலினைடை வைத்து, திரவம் உள்ள சோலார் செல் செய்தார்கள். 1976-ல் அந்த வேலை 'நேச்சர்' இதழில் வந்தது. இந்தப் பொருளில் ஒரு தொல்லை இருந்தது: வெளிச்சம் பட்டால் திரவத்துக்குள் தானே அரிச்சுப்போகும். கந்தகச் சங்கிலிகள் கரைந்த பாலிசல்ஃபைடு கரைசல்தான் அதைக் காப்பாற்றியது.

ஆனா அந்தக் காவலாளி இன்னொரு பிரச்சினையையும் கூட்டிக்கிட்டு வந்தது. பிளாட்டினத்தின் மேல் கந்தகம் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வினை நடக்க வேண்டிய இடமெல்லாம் அடைபட்டுப்போகும். விலை உயர்ந்த உலோகம், சும்மா உட்கார்ந்திருக்கும். 1980-ல் அதே மூவரும் வழி சொன்னார்கள்: கந்தகம் ஒட்டுவதுதான் பிரச்சினை என்றால், ஏற்கெனவே சல்ஃபைடாக இருக்கும் பொருளையே வைக்கலாமே! காப்பர், கோபால்ட், லெட் சல்ஃபைடுகளைச் சோதித்தார்கள். காப்பர் சல்ஃபைடு செய்யும் முறை ரொம்ப எளிது. பித்தளைத் தகட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்தால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சும். அதன் மேல் பாலிசல்ஃபைடு கரைசல் பட்டால் கறுப்பாகிவிடும். அவ்வளவுதான்.

அப்புறம் 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது. மாற்று எரிசக்திக்கு இருந்த அவசரமும் தணிந்தது.

1991-ல் ஓ'ரீகனும் சுவிட்சர்லாந்தின் கிரேட்சலும் சாயம் பூசிய மலிவான சோலார் செல்லை அறிவித்தார்கள். அயோடின் கரைசல், பிளாட்டினக் கவுண்டர் எலெக்ட்ரோடு. நல்லா வேலை செய்தது. பின்னால் வந்தவர்கள் சாயத்தை எடுத்துவிட்டு குவாண்டம் டாட்டுகளை வைத்தார்கள். அயோடின் அந்தத் துகள்களை அரித்தது. உடனே பாலிசல்ஃபைடுக்கு மாறினார்கள், பிளாட்டினம் படுத்துவிட்டது! விடை 1980-லேயே அச்சில் இருந்தது. அந்தப் பழைய பித்தளைத் தகடு மறுபடியும் லேபுக்குள் வந்தது.

இத்தோடு சுபம்னு முடிக்கலாம்னு பார்த்தா, முடியலை. பித்தளையின் மேற்பரப்போடு கரைசல் நிற்பதில்லை. உள்ளே உள்ள உலோகத்தையும் விடாமல் தின்னும். பூச்சு உதிரும், செம்பு கரைந்து எதிர்ப்பக்கத் துகள்களையும் கெடுக்கும். லேபில் ஒரு நாள் காட்டுவதற்குச் சரி, கூரையில் வருடக்கணக்கில் வைக்க முடியாது. அமெரிக்காவின் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் காமத் குழு 2011-ல் பித்தளையையே தூக்கிவிட்டு, காப்பர் சல்ஃபைடை கிராஃபீன் தாள்களோடு கலந்து கண்ணாடியில் பூசியது. அடுத்த வருடம் அதே வகை எலெக்ட்ரோடோடு 5.4 சதவீதத் திறன் காட்டினார்கள். 2016-ல் சீனக் குழு ஒன்று 11.6 சதவீதத்தைத் தொட்டபோது கவுண்டர் எலெக்ட்ரோடில் இருந்தது சல்ஃபைடுகூட இல்லை, டைட்டேனியம் வலையின் மேல் நுண்துளைக் கார்பன்.

குவாண்டம் டாட்டுகளுக்கு 2023-ல் நோபல் கிடைத்தது. எதிர்ப்பக்கத் தகட்டுக்கு யாரும் மாலை போடப்போறதில்லை. ஆனா சிலிக்கான் பேனல்கள் 20 சதவீதத்தைத் தாண்டி ஓடும்போது, இந்த செல் கூரைக்கு வருமா இல்லையா என்பதில் அந்தத் தகட்டின் ஆயுளுக்கும் பங்கு உண்டு.

ஒருமுறை ஆபீஸில் ஒரு பக்கை மூணு நாள் தேடினேன். எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதி வைத்த குறிப்பில் தீர்வு இருந்தது. நான்தான் திறந்து பார்க்கலை. 1980-ஐப் படிக்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.