ஆறு நாள் வேலை, இல்லாட்டி மூன்று ஷில்லிங்

போன வருஷம் மழைக்குள்ள அப்பாவின் ஓட்டோ எங்க தோட்டத்து ரோட்டில் பிரண்டது. அப்பாவுக்குத் தோளில் அடி. ஓட்டோவின் முன்பக்கம் நசுங்கிப் போச்சு. லீசிங் கட்டி முடிந்த பிறகு, காசு மிச்சம் பிடிக்க தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் போட்டிருந்தார். காப்புறுதிக் கம்பனியில் சொன்னது சட்டப்படி சரிதான்: மற்றவருக்குச் சேதம் வந்தால்தான் அதில் காசு, நமக்கு வந்ததுக்கு இல்லை. ரோட்டைப் பற்றிக் கேட்டால், பிரதேச சபையில் அது தோட்டத்து ரோடு என்றார்கள். தோட்டத்தில், கொழுந்து லொறி போற பகுதியை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள்.

அப்பா சொன்னார்: "ரோட்டுக்குச் சொந்தக்காரன் இல்ல, ஓட்டோவுக்கு இன்சூரன்ஸ் இல்ல. நமக்குக் காலுதான்."

வரலாறு படிக்கிற எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. கண்டியில் ரோடு போட்டவர்கள் முதலில் கேட்ட கேள்வி "இங்கே யார் இருக்காங்க?" என்பதல்ல, "இங்கேயிருந்து எதைக் கொண்டு போகலாம்?" என்பதுதான்.

1815இல் கண்டி ஒப்பந்தம். 1817-18இல் ஊவா கிளர்ச்சி. அதை அடக்கப் பட்ட பாட்டில், மலைநாட்டைக் கையில் வைத்திருக்க ரோடு வேண்டும் என்பது வெள்ளைக்காரனுக்கு விளங்கிவிட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் கொழும்பு-கண்டி வீதி வந்தது. கடுகண்ணாவையில் அதைப் போட்ட கப்டன் டோசனுக்குக் கோபுரம் இருக்கு. பஸ்ஸில் போகும்போது எல்லாரும் பார்க்கிறோம். ஆனால் கல் உடைத்ததில் பெரும் பகுதி கிராமத்துச் சனம். காணி வைத்திருப்பதற்காக அரசனுக்குச் செய்த ராஜகாரிய சேவையை அப்படியே பிரிட்டிஷ் அரசு எடுத்து ரோட்டு வேலைக்குப் போட்டது. அவங்களுக்குக் கோபுரம் கிடையாது.

1832இல் ராஜகாரியம் ஒழிந்தது. பதினாறே வருஷத்தில் அது வேற பேரில் திரும்பி வந்தது. கோப்பி விலை விழுந்து அரசாங்க வருமானம் குறைய, ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கு, நாய்க்கு, கடைக்கு என்று வரி போட்டார். கூடவே 1848இன் வீதிச் சட்டம்: 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருஷத்தில் ஆறு நாள் ரோட்டு வேலை செய்யணும், இல்லாட்டி மூன்று ஷில்லிங் கட்டணும். அந்த ஜூலையில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். புரன் அப்புவின் வீரத்தை எல்லாரும் பேசுறோம். அந்தக் கோபத்துக்குள் ரோட்டுக் கணக்கும் இருந்ததைப் பேசுறதில்லை.

அதே காலத்தில் எங்க ஆட்கள் வடக்கு ரோட்டால் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடை. கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. கலஹாவுக்கு அங்கால லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதும் அதே வருஷம்தான். கோப்பியும் தேயிலையும் இறங்கத்தான் பாதை. சுமந்தவன் ஏற அல்ல.

சரி, வெள்ளைக்காரன் போய்விட்டான். பிறகு? 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. நாங்கள் ஓட்டுப் போட்ட சபைக்கே எங்க ரோட்டைத் தொட முடியாது! 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். சட்டம் மாறியும் எங்க ரோட்டுக்கு ஒரு லோட் தாரும் வந்து சேரவில்லை.

மறுபக்கம் தேர்தலுக்குத் தேர்தல் மத்திய அதிவேகப் பாதை பேச்சு. மீரிகம-குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறந்தது. மூன்று மாதத்தில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்றது. கடவத்தை-மீரிகம வேலை நின்று, 2025இல்தான் மறுபடி தொடங்கியது. கண்டிக்கு வரவேண்டிய பொத்துஹெர-கலகெதர பகுதிக்கு இன்னும் காத்திருக்கிறோம். அதிவேகப் பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வியாபாரத்துக்கு அது தேவை. ஆனால் அதன் கடனை, அதில் ஒருநாளும் ஏறாத அப்பாவும் பெற்றோல் விலையில், மா விலையில் கட்டுகிறார். ஆறு நாள் வேலையின் இன்றைய வடிவம் இதுதான் என்பது என் எண்ணம்.

காப்புறுதியும் அப்படித்தான். 1951இன் மோட்டார் வாகனச் சட்டம் தேர்ட் பார்ட்டியைக் கட்டாயமாக்கியது. அது நியாயம், அடிபட்டவனுக்கு ஏதாவது கிடைக்கணும். 1962இல் அரசு காப்புறுதிக் கூட்டுத்தாபனம் வந்தது. 2003இல் விற்றார்கள். 2009இல் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையை ரத்துச் செய்தது. சொந்தக்காரர் மாறி மாறி வந்தார்கள். ஓட்டோக்காரன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற காகிதத்தின் அர்த்தம் மாறவில்லை: நீ மற்றவனுக்குச் செய்ததுக்குப் பொறுப்பு உண்டு, ரோடு உனக்குச் செய்ததுக்கு யாருமில்லை.

இப்ப அப்பாவின் ஓட்டோ மறுபடி ஓடுது, கடன் வாங்கித் திருத்தினது. பிரதேச சபை உறுப்பினர் எங்க லயத்துப் பக்கம் வரும்போது கேட்க ஒரே கேள்வி வைத்திருக்கிறேன்: இந்த ரோடு யாருடைய பதிவேட்டில் இருக்கு? வாசிக்கிற நீங்களும் உங்க தோட்டத்தில், உங்க ஊரில் இதைக் கேட்டுப் பாருங்க. பதில் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்க.