எத்தனை, எவ்வளவு

ஹைதராபாத்தின் நாச்சாரம் காய்கறிக் கடையில் தெலுங்கில் எலுமிச்சையை எண்ணிக் கேட்க 'என்னி', விலை கேட்க 'எந்த' (நம் 'எந்த' அல்ல). தெலுங்கைப் போலவே தமிழிலும் எண்ண 'எத்தனை', அளக்க 'எவ்வளவு'. எகர வினாவோடு 'அளவு' சேர்ந்ததே எவ்வளவு. ஆகவே ஆங்கில 'மெனி', 'மச்' நமக்குப் புதிதல்ல.

சிக்கல் வேறிடத்தில். 'கொஞ்சம்' நமக்கு ஆளுக்கும் பாலுக்கும் பொது. ஆங்கிலத்தில் ஆளுக்கு 'ஃபியூ', பாலுக்கு 'லிட்டில்'. அதிலும் 'எ ஃபியூ' என்றால் சிலர் உண்டு. முன்னுள்ள 'எ' போனால் ஏறக்குறைய யாருமில்லை! தகவல்கள் என்போம், 'இன்ஃபர்மேஷன்' பன்மை ஏற்காது.

அருகே தார்நாக்காவில், 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கிய ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கும் பிற இடங்களிலும் ஆங்கிலம் கற்பிப்போரே, 'மெனி', 'மச்' அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்லுமுன் பிள்ளைகளிடம் 'எத்தனையா, எவ்வளவா?' என்று கேளுங்கள்.