1965 போர் நிழற்படங்களில் பேட்டன் டாங்கிகள்: அடையாளமும் சான்றுமதிப்பும்

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் நிகழ்ந்த அசல் உத்தர் போரைக் காட்டும் நிழற்படங்கள் நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. அவற்றுட் பலவற்றின்கீழ் ‘பேட்டன் டாங்கி’ என்ற ஒரே குறிப்பே காணப்படுகிறது. படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் இக்குறிப்பை அப்படியே ஏற்றல் பொருந்தாது.

பாகிஸ்தானின் கவசப் படையிடம் பேட்டன் குடும்பத்திலேயே எம்-47, எம்-48 என இருவகைகள் இருந்தன. இந்தியத் தரப்பில் செஞ்சூரியன், ஷெர்மன், ஏஎம்எக்ஸ்-13 ஆகியன களமிறங்கின. ஷெர்மனோ இரு நாட்டுப் படைகளிலும் இருந்த வண்டி. ஆகவே ஷெர்மன் காணப்படும் படத்தில் வண்டியின் வகையை மட்டும் கொண்டு அது எந்நாட்டினது எனத் துணிதல் இயலாது.

இரு பேட்டன்களையும் பிரித்தறிவது கடினமன்று. எம்-48இன் சுழற்கூண்டு கவிழ்த்த கிண்ணம் போன்றது. உடலின் முன்புறம் படகின் முகப்பென வளைந்திருக்கும். எம்-47இன் கூண்டு ஒடுங்கி நீண்டது. உடலின் முகப்பில் எந்திரத் துப்பாக்கியொன்று துருத்தி நிற்கும். எம்-48இல் அத்துப்பாக்கி இல்லை. கூண்டு சிதைந்த நிலையில் சங்கிலிப் பட்டையைத் தாங்கும் மேலுருளைகளை எண்ணலாம்: எம்-47இல் பக்கத்திற்கு மூன்று, அக்கால எம்-48இல் ஐந்து. செஞ்சூரியனிலோ பக்கத் தகடுகள் இவ்வுருளைகளை மறைத்துவிடும்.

எம்-47இன் முகப்புத் துப்பாக்கி வேறொரு வகையிலும் பயன்படும். அது வண்டியின் வலப்புறத்தில் அமைந்தது. எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்புறம் தோன்றும். மாறித் தோன்றினால் படம் இடவலமாகத் திருப்பி அச்சிடப்பட்டது என்று கொள்ளலாம். அத்தகைய படத்தைக் கொண்டு திசை கணித்தல் பிழையாகும்.

வகையைக் காட்டிலும் இடமே பெருஞ்சிக்கல். கைப்பற்றப்பட்ட டாங்கிகள் பிக்கிவிண்டில் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. அவ்விடம் ‘பேட்டன் நகர்’ எனப் பெயர் பெற்றது. வரிசையாக நிற்கும் டாங்கிகளைக் காட்டும் படம் அவை வீழ்ந்த களத்தைக் காட்டுவதன்று. ஒரே வண்டி வயலில் ஒருமுறையும் பிக்கிவிண்டில் மறுமுறையும் படமாகியிருக்கக் கூடும். குண்டுத்துளையின் இடம், இழந்த உருளை, முறிந்த தகடு ஆகியவற்றை ஒப்பிடாமல் படங்களை எண்ணி அழிவைக் கணக்கிடுவோர் ஒன்றை இரண்டாக எண்ண நேரும்.

துளையுள்ள டாங்கியின் படம் பலவிடங்களில் அப்துல் ஹமீதின் பெயரோடு இணைக்கப்படுகிறது. நான்காம் கிரெனடியர்ஸ் படையைச் சேர்ந்த அவர் ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியால் டாங்கிகளை வீழ்த்தி, செப்டம்பர் 10 அன்று களத்தில் வீழ்ந்து, பரம்வீர் சக்கரம் பெற்றவர். அவ்வகைப் பீரங்கியின் குண்டு பொதுவாகக் குறுகிய துளையிடும். டாங்கியின் திண்மக் குண்டு தன் பருமனுக்கேற்ற துளையிடும். எனவே துளை ஆயுதத்தைச் சுட்டக்கூடும், சுட்டவரைச் சுட்டாது. அதற்குப் படைப்பிரிவின் நாட்குறிப்பும் விருதுச் சான்றுரையுமே துணையாவன.